கீழே வந்து நிற்கும் பேய்கள்

சித்தி கிளம்புவதற்கு ஐம்பத்தெட்டு மணி நேரம் இருந்தது. அது வியாழக்கிழமை காலை ஆறு மணி. சனிக்கிழமை மாலை நான்கு மணிக்கு வேன் கொண்டுவருவதாக அவளுடைய தம்பி சொல்லியிருந்தார். நான் பல் தேய்த்துக்கொண்டே கணக்குப் போட்டேன். போட்ட கணக்கை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியவில்லை.

கூடத்தில் சித்தி அம்புக்குறி ஒட்டிக்கொண்டிருந்தாள். சட்டை தைக்கும் தொழிற்சாலையில் சரிபார்ப்பது அவள் வேலை. தைத்து முடித்த சட்டையை விளக்குக்குக் கீழே விரிப்பாள். தையல் விட்ட இடம், கோணல் பொத்தான், கறை என்று எது கண்ணில் பட்டாலும் அங்கே ஒரு சிவப்பு அம்புக்குறி ஸ்டிக்கரை ஒட்டுவாள். ஒரு நாளைக்கு எழுநூறு சட்டை. அந்த ஸ்டிக்கர் சுருள் எப்போதும் அவள் பையில் கிடக்கும். இப்போது எடுத்துப் போகவேண்டிய சாமான்களில் அதையே ஒட்டிக்கொண்டிருந்தாள். தையல் மெஷின், இஸ்திரிப் பெட்டி, ஒரு சூட்கேஸ், ஒரு மடக்கு நாற்காலி. நான்கு அம்பு ஒட்டியதுமே வேலை முடிந்து, சுருளைப் பையில் போட்டுவிட்டாள். பதினான்கு வருடம் இருந்த வீட்டில் அவளுடையது என்று அவ்வளவுதான் இருந்தது.

தம்பியின் ஊருக்குப் போய் வேலைக்கு என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். அந்த ஊரிலும் மனிதர்கள் சட்டை போடத்தானே செய்வார்கள் என்றாள். பிறகு, டீ மேசைமேல் இருக்கிறது என்றாள்.

கையில் தரமாட்டாள். எதையும் மேசையில் வைத்துவிட்டு இரண்டடி தள்ளிப் போய் நிற்பாள். பதினான்கு வருடமாக அப்படித்தான். எங்கள் வீட்டில் அந்த இரண்டடியும் ஒரு சாமான் மாதிரி. யாரும் அதை நகர்த்தியதில்லை.

அம்மா இறந்து இரண்டு வருடம் கழித்து அப்பா சித்தியைக் கல்யாணம் செய்துகொண்டார். அப்போது எனக்கு ஒன்பது வயது. சித்தி வந்த நாற்பதாம் நாள், அம்மாவின் பெட்டியை அலமாரியிலிருந்து இறக்கித் துடைத்தாள். நான் அதைப் பிடுங்கிக்கொண்டு மொட்டைமாடிக்கு ஓடினேன். தூண்கள்மேல் நிற்கும் தண்ணீர்த் தொட்டியில் ஏணி வழியாக ஏறி உட்கார்ந்தேன். சித்தி பின்னாலேயே வந்தாள். அதற்குப் பிறகு நான் தரையில் இருந்தேன். பத்தடி உயரம். எனக்கு முழங்காலில் சிராய்ப்பு. சித்திக்கு இடது மணிக்கட்டு முறிந்துவிட்டது.

சத்தம் கேட்டு முதலில் ஓடிவந்தது அத்தை. அப்பாவின் அக்கா. இரண்டு தெரு தள்ளி இருக்கிறாள். அன்று ஏதோ வேலையாக வந்திருந்தாள். என்னைத் தூக்கி மடியில் போட்டுக்கொண்டு, அவள்தானே தள்ளினாள் என்று கேட்டாள். நான் தலையை ஆட்டினேன்.

நான் செய்தது அவ்வளவுதான். மீதியை அத்தை கட்டினாள். சித்தி ஏணியில் ஏறியதும், தள்ளிய வேகத்தில் தானும் சேர்ந்து விழுந்ததும், அந்த மணிக்கட்டு சாகும்வரை சரியாக மடங்காது என்று டாக்டர் சொன்னதும், அதுவே அவளுக்குத் தண்டனை என்று அத்தை சொன்னதும் கதையாகி, உறவுக்காரர்கள் எல்லாருக்கும் மனப்பாடம் ஆகிவிட்டது. சித்தியிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. மறுநாளிலிருந்து அப்பாவே எனக்குத் தலை வாரிவிட்டார். கோணல் வகிடு. நான் பள்ளிக்கூடம் முடிக்கும்வரை அந்தக் கோணல் வகிட்டோடுதான் போனேன்.

அப்பா போய் எட்டு மாதம் ஆகிறது. போன மாதம் அத்தை வந்து உட்கார்ந்து முடிவு சொன்னாள். என் தம்பி இருந்தவரைக்கும் சரி, இனிமேல் ஒரு வயசுப் பெண்ணை அந்தக் கையில் விட்டுவைக்க முடியாது என்றாள். சித்தி சரி என்றாள். நான் எதுவும் சொல்லவில்லை. நான் எதுவும் சொல்லமாட்டேன் என்பது எல்லாருக்கும் தெரிந்த விஷயம்.

எங்கள் அலுவலகம் ஒரு கண்ணாடிக் கடையின் மாடியில் இருக்கிறது. கீழே அவர்கள் பெரிய நிலைக்கண்ணாடியை நகர்த்தும்போதெல்லாம் எங்கள் கூரையில் ஒரு வெளிச்சத் துண்டு நீந்திப் போகும். முதலில் வந்தபோது நிமிர்ந்து நிமிர்ந்து பார்ப்பேன். இப்போது அது போவது பிடரியிலேயே தெரிந்துவிடும்.

நாங்கள் வீடியோ கேம் செய்கிறோம். ஒரு சின்னப் பெண் ஆழமான கிணறு ஒன்றிலிருந்து மேலே ஏறவேண்டும். கிணறு முழுக்கப் பேய்கள். பாலில் நனைத்த துணி மாதிரி மெல்ல அசைந்துகொண்டிருக்கும். பக்கவாட்டில் பட்டால் ஓர் உயிர் போய்விடும். ஆனால் தலைமேல் குதித்தால் இரண்டு நொடி கல்லாக இறுகி நிற்கும். அந்த இரண்டு நொடிக்குள் அடுத்த பேயின் தலைக்குத் தாவவேண்டும். கிணற்றில் வேறு படி கிடையாது. எதிரிதான் படி.

பேய் எப்படி நகரும், எப்போது இறுகும், எவ்வளவு எடை தாங்கும் என்பதெல்லாம் என் பொறுப்பு. இயற்பியல் படித்துவிட்டுப் பேய்க்கு எடை போடுகிறாயே என்று அப்பா சொல்லிச் சிரிப்பார். வாயைத் திறக்காதவள் என்பதால் அலுவலகத்தில் என் பெயர் மியூட். வைத்தது தவளை. காலையிலிருந்து சாயங்காலம் வரை விளையாட்டில் குதித்துக் குதித்துப் பிழை கண்டுபிடிப்பது அவன் வேலை என்பதால் அவன் தவளை. அந்தப் பெயரை வைத்தது நான். அதையும் சொல்லவில்லை, ஒரு காகிதத்தில் எழுதி அவன் மேசையில் ஒட்டினேன்.

அன்று காலை தவளை என் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றான். "மியூட், உன் பேய்க்கு என்னமோ ஆயிருச்சு. வந்து பாரு."

பார்த்தேன். ஒன்பதாவது நிலை. தவளை வேண்டுமென்றே சின்னப் பெண்ணை ஓரத்துக்குக் கொண்டுபோய்த் தவறவிட்டான். எங்கோ தள்ளி அசைந்துகொண்டிருந்த பேய் ஒன்று சரசரவென்று கிளம்பி வந்து, அவள் விழுகிற இடத்தில் நின்றது. அவள் அதன் தலையில் விழுந்தாள். பேய் இறுகியது. உயிர் போகவில்லை. இன்னொரு முறை விழவைத்தான். இன்னொரு பேய் வந்தது. இருபது முறை விழவைத்தானாம். இருபது முறையும் ஏதோ ஒன்று கீழே வந்து நின்றதாம். இதை நீ எழுதினாயா என்று கேட்டான். இல்லை என்று தலையாட்டினேன்.

அதைப் பிழைப் பட்டியலில் இருநூற்றுப் பன்னிரண்டாவதாக ஏற்றினான். ஓனர் வந்து எட்டிப்பார்த்தார். ஓனர் என்றால் பெரிய ஆள் இல்லை. சொந்த வீட்டை அடகு வைத்துவிட்டுத் தினமும் பிஸ்கட் சாப்பிட்டு மதியத்தைக் கழிக்கிறவர். பேய் என்றால் பேயாக இருக்கவேண்டும், தாங்குகிற பேய்க்கு யார் பயப்படுவார்கள் என்றார். வெள்ளிக்கிழமை ஆறு மணிக்குள் விளையாட்டை அனுப்பியாகவேண்டும், அதற்குள் இதைச் சரிசெய் என்று சொல்லிவிட்டுப் போனார்.

நான் எழுதியதைத் திறந்து படித்தேன். பேயின் மூளை என்று பார்த்தால் அது நான்கு வரிதான். சாதாரணத் தமிழில் சொன்னால் இப்படி இருக்கும்: ஆள் ஓரத்துக்கு வந்தால் கிளம்பு. அவள் எங்கே போய்ச் சேருவாள் என்று கணக்குப் போடு. அவளுக்கு முன்னால் அங்கே போ. கைகளை விரி.

தாக்குவதற்காக எழுதிய வரிகள். ஓரத்தில் நிற்கிறவள்தான் தடுமாறுவாள், அப்போது பாய்வதுதான் எளிது என்று யோசித்து எழுதியது நினைவிருக்கிறது. நான்கு வரியிலும் தவறு இல்லை. எத்தனை முறை படித்தாலும் இல்லை. ஒரே தரையில் நிற்கிறவளுக்கு அது பாய்ச்சலாகத் தெரியும். மேலிருந்து விழுகிறவளுக்கு அதே ஓட்டம் கீழே வந்து தாங்குவதாக ஆகிவிடும். அடிக்க வருவதற்கும் பிடிக்க வருவதற்கும் தனித்தனியாக எழுதவேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. எழுதியிருந்தாலும் இரண்டும் ஒரே நான்கு வரியாகத்தான் இருந்திருக்கும்.

கூரையில் வெளிச்சத் துண்டு போனது. பத்தடி உயரத்திலிருந்து விழ எவ்வளவு நேரம் ஆகும் என்று காகிதத்தில் போட்டுப்பார்த்தேன். முக்கால் நொடிக்கு ஒரு துளி அதிகம். அந்த நேரத்துக்குள் மொட்டைமாடியின் கதவிலிருந்து தொட்டிவரை யாராலும் வரமுடியாது. வரவேண்டுமென்றால் முன்பே கிளம்பியிருக்கவேண்டும்.

காகிதத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன். மீதி நாள் முழுக்கத் தண்ணீருக்குள் உட்கார்ந்திருப்பது மாதிரி இருந்தது. தவளையின் வாய் அசைந்தது, கீழே கண்ணாடி அறுக்கும் சத்தம் எங்கேயோ கேட்டது. வீட்டுக்கு நடக்கும்போது தெருவில் துணி காயப்போட்டிருந்தார்கள். நான் போகிற பக்கமெல்லாம் வெள்ளைத் துணிகள் மெல்லத் திரும்பிப் பார்த்தன.

ஆறரை மணிக்குக் கூடத்து மேசையில் மடிக்கணினியை வைத்துத் திருத்த உட்கார்ந்தேன். சித்தி வந்து வழக்கமான இரண்டடி தள்ளி நின்று பார்த்தாள். என்ன தோன்றியதோ, நாற்காலியை அவள் பக்கம் தள்ளிவிட்டு நான் எழுந்துகொண்டேன். விளையாடுங்கள் என்று நான் கேட்டதும் இல்லை, அவள் மறுத்ததும் இல்லை. உட்கார்ந்து, சட்டையை விரிக்கிற மாதிரி இரண்டு கையாலும் மடிக்கணினியை நேராக்கினாள்.

எந்தப் பொத்தான் குதிக்க, எந்தப் பொத்தான் நகர என்று சொல்லிக்கொடுத்தேன். நகர்த்துகிற பொத்தான்கள் இடது பக்கம். மடங்காத மணிக்கட்டோடு அவள் முழங்கையையே தூக்கித் தூக்கி அழுத்தினாள். ஒவ்வொரு முறையும் அரை நொடி தாமதம். அதனால் விழுந்துகொண்டே இருந்தாள். விழும்போதெல்லாம் பேய் வந்து நின்றது.

"எதுக்கு இது என்னையே துரத்துது?"

"அது எதிரி, சித்தி."

"எதிரியா?" இன்னொரு முறை விழுந்தாள். பேய் வந்தது. "எதிரிக்கு வேலைவெட்டி இல்லையா, நான் விழுற எடமெல்லாம் வந்து நிக்குது."

அது பிழை என்றும், நாளைக்கு எடுத்துவிடுவேன் என்றும் சொன்னேன். சித்தி விளையாட்டை நிறுத்திவிட்டுத் திரைக்குக் கிட்டே குனிந்தாள். தொழிற்சாலை விளக்குக்குக் கீழே அவள் இப்படித்தான் குனிவாள் என்று தோன்றியது. நான் ஒருநாளும் போய்ப் பார்த்ததில்லை.

"யாரு வரைஞ்சது?"

ஓவியர் வரைந்தது, முதலில் பென்சிலில் கிறுக்கிக் கொடுத்தது நான் என்றேன்.

"அடிக்க வர்றவன் உள்ளங்கையை மேல காட்டிக்கிட்டு வருவானா?" என்றாள் சித்தி.

பேயின் கைகள் விரிந்து, உள்ளங்கைகள் வானத்தைப் பார்த்து இருந்தன. ஒரு வருடத்துக்கு மேலாக அந்தப் பேயோடு இருக்கிறேன். தினமும் அதை நகர்த்துகிறேன், நிறுத்துகிறேன், எடை போடுகிறேன். அந்தக் கைகள் எப்படி இருக்கின்றன என்று நான் பார்த்ததே இல்லை.

சித்தி பையிலிருந்து சுருளை எடுத்து ஓர் அம்புக்குறியைக் கிழித்தாள். திரையில் பேயின் இடது கைக்குப் பக்கத்தில் ஒட்டினாள். "இது கொஞ்சம் திரும்பியிருக்கு பாரு. மத்தது சரியா இருக்கு. இது மட்டும் கோணல். எங்க யூனிட்டா இருந்தா ரிஜெக்ட்."

சொல்லிவிட்டு லேசாகச் சிரித்தாள். சிரிப்பு பாதியிலேயே நின்றுவிட்டது. தன் இடது கையை மடியிலிருந்து எடுத்து ஒரு முறை பார்த்துவிட்டு மறுபடி மடியில் வைத்துக்கொண்டாள். நான் அவளுக்குப் பின்னால் நின்றேன். வெளியே தெருவிளக்கு போட்டார்கள். கூடத்தில் விளக்கு போடவேண்டும் என்று இரண்டு பேருக்கும் தோன்றவில்லை. திரையின் பால் வெளிச்சத்தில் பேய் மெல்ல அசைந்துகொண்டிருந்தது.

சித்தி எழுந்து, "இத எடுத்துடுவியா நாளைக்கு?" என்று கேட்டாள்.

பதிலுக்காக அவள் நிற்கவில்லை. துணி மடிக்கப் போய்விட்டாள்.

வெள்ளிக்கிழமை காலை ஓனரின் மேசைக்கு முன்னால் போய் நின்றேன். தவளை தலையைத் தூக்கிப் பார்த்தான். நான் அந்த மேசைக்குப் போவதே மாதத்துக்கு ஒருமுறை, சம்பளச் சீட்டில் கையெழுத்துப் போட. அது பிழை இல்லை என்று சொன்னேன். பேய் மாறவே இல்லை, அது முதலிலிருந்தே இப்படித்தான் ஓடுகிறது, நாம்தான் பக்கவாட்டில் நின்றே பார்த்துக்கொண்டிருந்தோம் என்று சொன்னேன். நான் சேர்ந்தாற்போல் இவ்வளவு பேசி அங்கே யாரும் கேட்டதில்லை. மியூட்டுக்கு ஸ்பீக்கர் வேலை செய்கிறதே என்றான் தவளை. ஆனால், தாங்குகிற பேய்தான் தனக்கும் பிடித்திருக்கிறது, கொல்லுமா தாங்குமா என்று தெரியாமல் விழும்போதுதான் பயமே வருகிறது என்றும் சேர்த்துச் சொன்னான்.

ஓனர் ஒரு பிஸ்கட்டை உடைத்தார். இரண்டு துண்டையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பேய் தாங்கும்னா தாங்கட்டும்மா. ஆனா விளையாடுறவனுக்கு அது எப்படித் தெரியும்? யாராவது ஆரம்பத்துலயே சொல்லணும்ல? சொல்லாம விட்டா அது பிழை. சொல்லிட்டா அது விதி."

நான் இடத்துக்கு வந்து உட்கார்ந்தேன். முதல் நிலையை மாற்றி எழுத நாள் முழுக்க ஆனது. சின்னப் பெண் கண் விழித்ததும் ஒரு கல் விளிம்பில் நிற்பாள். முன்னால் ஒரு பேய் கையை விரித்துக்கொண்டு வரும். திரும்பி ஓட இடம் கிடையாது. கீழே இறங்கவும் வழி கிடையாது. விழுந்துதான் ஆகவேண்டும். எத்தனையோ வாக்கியம் எழுதி அழித்துவிட்டு, கடைசியில் அந்த விளிம்பில் ஒரே ஒரு சொல் வைத்தேன். விழு.

தவளை அதை விளையாடிப் பார்த்தான். ஓரத்தில் கொஞ்ச நேரம் நின்றான். இருபது முறை விழுந்து பார்த்தவன், அது தாங்கும் என்று தெரிந்தவன், அவனே நின்றான். பிறகு விழுந்தான். பேய் வந்தது. "நல்லா இருக்கு" என்றான் மெதுவாக. ஐந்து நாற்பதுக்கு அனுப்பினோம். சித்தி கிளம்ப இருபத்திரண்டு மணி நேரமும் இருபது நிமிடமும் இருந்தது.

சனிக்கிழமை வேன் மூன்றரைக்கே வந்துவிட்டது. சித்தியின் தம்பி அதிகம் பேசாதவர். வந்ததும் தையல் மெஷினைத் தூக்கினார். அத்தை மூன்று மணிக்கே வந்து கூடத்தின் நடுவில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். எதுவும் மாறிப் போய்விடக்கூடாது என்று அம்புக்குறிகளை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டாள். இஸ்திரிப் பெட்டி போனது. சூட்கேஸ் போனது. மடக்கு நாற்காலி போனது. கூடத்தில் அவை இருந்த இடங்களில் தரை மட்டும் புதிதாக இருந்தது.

மேசையில் மடிக்கணினி மூடிக் கிடந்தது. உள்ளே, திரையில், அந்த ஐந்தாவது அம்பு அப்படியே இருந்தது. நான் அதை எடுக்கவில்லை.

சன்னல் திரை காற்றில் உப்பி உள்ளே வந்து, யாரையோ தேடுவது மாதிரி தடவிவிட்டுத் திரும்பிப் போனது. எல்லாம் மெதுவாக நடந்துகொண்டிருந்தது. சித்தி அடுக்களையிலிருந்து வந்தாள். எனக்கு இரண்டடி முன்னால் நின்றாள்.

"டீ ஃபிளாஸ்க்ல இருக்கு. ராத்திரிக்குச் சாப்பாடு மூடி வச்சிருக்கேன்."

நான் தலையை ஆட்டினேன்.

ஆட்டியபோதே அது உறைத்தது. அதே தலையாட்டல். பதினான்கு வருடத்துக்கு முன்னால் அத்தையின் மடியில் கிடந்து ஆட்டியது.

"சரி, நேரமாகுது. ஏறச் சொல்லுங்க," என்றாள் அத்தை வாசல் பக்கம் பார்த்து. பிறகு என்னிடம், "நீ பயப்படாத கண்ணு. இனிமே உன்ன யாரும் ஒண்ணும் பண்ண முடியாது," என்றாள்.

சித்தி செருப்பை மாட்டிக்கொண்டிருந்தாள். வலது கையால் மட்டும் வாரை இழுத்தாள். என் கால்களுக்கு முன்னால் தரை முடிந்துபோன மாதிரி இருந்தது. ஒரு விளிம்பு. அதற்கு அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. அத்தை என்ன சொல்வாள், சித்தி இருப்பாளா, என் முகத்தில் இனி விழிப்பாளா, எதுவும் தெரியாது.

நான் வாயைத் திறப்பதற்கு ஒரு கணம் முன்பே சித்தி திரும்பிவிட்டாள். செருப்பை விட்டுவிட்டு என்னை நோக்கி ஓர் அடி வைத்தாள். கைகள் லேசாக விரிந்திருந்தன.

"அத்தை," என்றேன். குரல் யாருடையதோ மாதிரி வந்தது. "சித்தி ஏணியிலயே ஏறல. என்னைத் தள்ளவும் இல்ல. நானாத்தான் குதிச்சேன். அவங்க ஓடிவந்து கீழ நின்னு என்னைப் பிடிச்சாங்க."